லேசாத்தான் கீது

தாம்பரத்துக்குத் தெற்கே, ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டிய ஒரு மருத்துவமனையில், வயிறு சம்பந்தப்பட்ட நோய்களைப் பார்க்கும் பிரிவில் சில ஆண்டுகள் வேலை பார்த்தேன். நான் டாக்டர் இல்லை, நர்ஸும் இல்லை. கேள்வி கேட்பவள். மேல்வயிற்றுக் கோளாறோடு வருகிறவர்களை உட்கார வைத்து, நெஞ்சு கரிக்கிறதா, குமட்டுகிறதா, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு முட்டிவிடுகிறதா, ஏப்பம் வருகிறதா, வலி இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். ஒவ்வொன்றும் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். இல்லை, லேசு, நடுத்தரம், அதிகம், மிக அதிகம். இவற்றில் ஒன்றை நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். சில வாரங்கள் கழித்து அதே கேள்விகளை மறுபடியும் கேட்போம். மருந்து வேலை செய்கிறதா, இல்லையா என்பதை அந்தப் பதில்களை வைத்துத்தான் முடிவு செய்தார்கள்.

சமூகப்பணி படித்துவிட்டு, மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பிக்கும்வரை வீட்டில் இருந்தவள் நான். கோவிலம்பாக்கத்திலிருந்து பஸ் மாறி மாறிப் போய் வந்தேன். "உக்காந்து பேசுறதுக்குச் சம்பளம் குடுக்கிறாங்க, அதிர்ஷ்டசாலி நீ" என்று என் கணவர் கேலி செய்வார். எனக்கும் முதலில் அது சுலபமான வேலையாகத்தான் தெரிந்தது.

சர்க்கரை எவ்வளவு என்று ரத்தம் சொல்லிவிடும். காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் இருக்கிறது. குமட்டல் எவ்வளவு என்பதைக் குமட்டுகிறவர்தான் சொல்ல வேண்டும். எங்களிடம் வந்தவர்களில் பலருக்கு எண்டோஸ்கோப்பியில் ஒன்றும் இருக்காது. கேமரா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வரும். புண் இல்லை, கட்டி இல்லை. ஆனாலும் அவர்களால் ஒரு தட்டுச் சோறு சாப்பிட முடியாது. "ரிப்போர்ட்லதான் ஒண்ணும் இல்லையே" என்று வீட்டில் சொல்லச் சொல்ல, அவர்களுக்கே தங்கள்மேல் சந்தேகம் வந்திருக்கும். என் எதிரில் வந்து உட்காரும்போதே ஒரு தயக்கத்தோடுதான் உட்காருவார்கள்.

கேள்விகள் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கு வந்தவை. யார் மொழிபெயர்த்தார்களோ தெரியவில்லை. அதில் ஒரு கேள்வி, "உணவுக்குப் பின் வயிற்றில் நிறைவை உணர்கிறீர்களா?" என்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பெரியவரிடம் அதை அப்படியே வாசித்தேன். அவர் முகமெல்லாம் மலர்ந்து, "ரொம்ப நிறைவா இருக்கும்மா. என் மருமக சமையல் அப்படி" என்றார். எதைக் குறிப்பது என்று தெரியாமல் எழுந்து போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். என்னைவிடச் சில வயது மூத்தவர்; அதிகம் சிரிக்காத மனுஷி. பிறகு இருவரும் உட்கார்ந்து எல்லாக் கேள்விகளையும் பேச்சுத் தமிழுக்கு மாற்றினோம். "சாப்பிட்டது கீழே இறங்காம அங்கேயே நிக்கிற மாதிரி இருக்கா?" என்று கேட்க ஆரம்பித்ததும், "ஆமா மேடம், கல்லு மாதிரி நிக்குது" என்று உடனே பதில் வந்தது.

டாக்டர் ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருந்தார். கூட வந்தவர்கள் பதில் சொல்லக் கூடாது. "யாருக்கு வலிக்குதோ அவங்க சொல்றதை மட்டும் எழுதுங்க. அம்மா சொன்னாங்க, புருஷன் சொன்னார்னு எழுத ஆரம்பிச்சா, யார் வயித்தை அளக்குறோம்னே தெரியாமப் போயிடும்." அது சரியான விதி. இன்றும் அதைச் சரி என்றுதான் நினைக்கிறேன்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த டிரைவரும் அவர் மனைவியும் வந்தார்கள்.

அவர் பொத்தேரிப் பக்கம் ஒரு கல்லூரியில் பஸ் ஓட்டுகிறவர். வீடு பல்லாவரத்தில். உயரமான மனிதர், காக்கிச் சட்டை தோளில் மாட்டித் தொங்கவிட்டதுபோல இருந்தது. மனைவி கோவளத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பிறந்தவர்; பல்லாவரத்தில் மீன் கடை வைத்திருந்தார். தெருவின் அந்த முனைக்குக் கேட்கிற குரல். அவர் உட்கார்ந்தார், மனைவி உட்காரவில்லை.

நான் முதல் கேள்வியைக் கேட்டேன். "சாப்பிட்டது கீழே இறங்காம நிக்கிற மாதிரி இருக்காண்ணா?"

"கீது மேடம்."

"எவ்வளவு? லேசா, நடுத்தரமா, அதிகமா?"

"லேசாத்தான் கீது."

"இன்னாது, லேசா?" என்றார் மனைவி. "ஏம்மா, ரெண்டு வாய் துன்னுட்டு தட்ட தள்ளி வெச்சிடுறாரும்மா. மூஞ்சி அப்டியே வெளுத்துப்பூடுது. அதிகம்னு எய்திக்கோ."

"அக்கா, அவரே சொல்லணும். அதுதான் இங்க முறை."

"அவுரு பொய் சொல்றாரும்மா!"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை, கெஞ்சல்தான் இருந்தது. "நீ சும்மா இரு. மேடம், நீங்க கேளுங்க."

குமட்டல், லேசு. வலி, லேசு. நெஞ்செரிச்சல் இல்லை. வாந்தி, எப்பவாவது, லேசு. ஒவ்வொரு 'லேசு'க்கும் மனைவி தலையில் அடித்துக்கொண்டார். நான் டிரைவர் சொன்னதையே எழுதினேன். எண்டோஸ்கோப்பி ஏற்கெனவே எடுத்து, ஒன்றுமில்லை என்று வந்திருந்தது. இவ்வளவு லேசான தொந்தரவுக்கு என்ன கொடுப்பார்களோ, அந்த மாத்திரையை எழுதிக் கொடுத்து அனுப்பினார்கள்.

அடுத்த முறை வந்தபோது எடை இன்னும் குறைந்திருந்தது. பதில்கள் மாறவில்லை. டாக்டர் தாளைப் பார்த்தார், எடையைப் பார்த்தார், மறுபடி தாளைப் பார்த்தார். "இதுல இருக்கிறபடி பார்த்தா இவர் என்னைவிட நல்லா இருக்கார்" என்றார். சர்க்கரை, தைராய்டு, காசநோய் எல்லாவற்றுக்கும் பரிசோதனை எழுதினார். எல்லாம் சரியாகவே வந்தன. மனைவி அன்று என்னிடம் பேசவில்லை. போகும்போது மட்டும் வாசலில் நின்று, "எங்க வூட்ல வந்து ஒரு நாள் பாரும்மா, அப்புறம் எய்து" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. பஸ்ஸில் நின்றுகொண்டு வரும்போதும் அதையே யோசித்தேன். அவர் ஏன் மறைக்கிறார்? பஸ் ஓட்டுகிறவர், உடம்பு முடியவில்லை என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்ற பயமாக இருக்கலாம். வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை. அந்தப் பயத்தைப் போக்கிவிட்டால் உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை அவர் தனியாக வந்தார். மனைவி மீன் ஏலத்துக்குப் போயிருந்தார். காலையில் மாணவர்களைக் கல்லூரியில் இறக்கிவிட்டு, அதே காக்கியோடு நேராக வந்திருந்தார். காத்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் கொடுத்த பன்னில் பாதியைத் தின்றிருக்கிறார். நான் இரண்டாவது கேள்விக்குப் போகும்போது கையைத் தூக்கி, "ஒரு நிமிசம் மேடம்" என்று எழுந்து போனார். கழிவறைப் பக்கமிருந்து அவர் வாந்தியெடுக்கும் சத்தம் கேட்டது. வெளியே உட்கார்ந்திருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். முகம் கழுவி, கர்சீப்பால் துடைத்துக்கொண்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல உட்கார்ந்தார்.

"கேளுங்க மேடம்."

"குமட்டல் எவ்வளவுண்ணா?"

"லேசுதான்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "அண்ணா, இப்பதானே வாந்தி எடுத்துட்டு வந்தீங்க."

"எட்த்துட்டா செரியாப்பூடும் மேடம்."

"நீங்க இங்க சொல்றது எதுவும் காலேஜுக்குப் போகாது. வேலைக்கு ஒண்ணும் ஆகாது. பயப்படாம சொல்லுங்க."

அவர் லேசாகச் சிரித்தார். "அதுக்கா நான் பயப்படுறேன்? எங்க மேனேஜருக்கே தெரியும், எனக்கு வயிறு செரியில்லன்னு. அவரே ஓமத்தண்ணி வாங்கியாந்து குடுத்தாரு."

நான் யோசித்து வைத்திருந்தது அத்தோடு போயிற்று. என்ன செய்வதென்று தெரியாமல், தாளில் இல்லாத ஒரு கேள்வியைக் கேட்டேன். "அப்போ அதிகம்னா எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. யாருக்காவது பார்த்திருக்கீங்களா?"

அவர் கர்சீப்பை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எங்கப்பாவுக்கு" என்றார்.

அவருடைய அப்பா பல்லாவரத்தில் ஒரு தோல் கம்பெனியில் வேலை பார்த்தவர். வயிற்றில் புற்றுநோய். கண்டுபிடித்தபோது எதுவும் செய்வதற்கில்லை என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். இவர் அப்போது பத்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தார். ஒரே அறைதான் வீடு.

"வலி வரும்போது ஜன்னல் கம்பிய புட்ச்சிக்குவாரு. வாயில துண்ட வெச்சி கட்ச்சிகினு இருப்பாரு, சத்தம் வெளிய வரக்கூடாதுன்னு. அப்டியும் வரும். பக்கத்து வூட்டுக்காரங்க ரேடியோவ சத்தமா வெச்சிக்குவாங்க. அவுங்கள தப்பு சொல்ல மாட்டேன், கேக்க முடியாது மேடம் அந்தச் சத்தத்த. தண்ணி குட்த்தா தண்ணி நிக்காது. நான் பக்கத்துல குந்திகினு கால புட்ச்சினு இருப்பேன். அது மேடம் அதிகம். அத்த கிட்ட இருந்து பாத்தவன் நானு. எனக்கு கீறத போய் அதிகம்னு சொன்னா, அவருக்கு இருந்துச்சே, அதுக்கு இன்னா பேரு வெக்கிறது?"

எத்தனையோ பேரிடம் எத்தனையோ முறை 'அதிகம்' என்று வாசித்திருக்கிறேன். என் மனத்தில் அது தாளில் இருந்த ஒரு கட்டம். அவருக்கு அது அப்பாவின் கை பிடித்திருந்த ஜன்னல் கம்பி.

"உங்களுக்கும் அதேதான்னு நினைச்சீங்களாண்ணா?"

"மொதல்ல நெனச்சேன். அதான் ரொம்ப நாள் ஆஸ்பத்திரி பக்கமே வரல. அப்புறம் கேமரா வுட்டு பாத்துட்டு கட்டி இல்லன்னுட்டாங்க. அது இல்லன்னா மீதியெல்லாம் லேசுதானே மேடம்?"

"வீட்ல அக்காவுக்கு அப்பா விஷயம் தெரியுமா?"

"வயித்துவலில செத்தாருன்னு மட்டும் தெரியும். இதெல்லாம் எதுக்கு சொல்லிகினு."

டாக்டர் முதல் நாளில் குடும்பத்தில் யாருக்காவது வயிற்றில் புற்றுநோய் உண்டா என்று கேட்டதற்கு இவர் இல்லை என்று சொல்லியிருந்ததும் அப்போதுதான் தெரிந்தது.

"அண்ணா, அப்பாவுக்கு இருந்ததை இங்க யாரும் குறைச்சு எழுதப் போறதில்ல" என்றேன். "இது உங்க வயிறு பத்தின கேள்வி மட்டும்தான். சரி, அளவை விடுங்க. காலையில என்ன சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல. டூட்டி அன்னிக்கு காலைல சாப்புட மாட்டேன். பசங்கள ஏத்தினு போறப்ப வயித்த பொரட்டிச்சின்னா? அறுபது உசுரு பின்னால குந்தினு கீது."

"எத்தனை நாளா?"

"அது ஆவுது, ஒரு வருசத்துக்கு மேல."

மதியம் மோர் சாதம், அதிலும் பாதி. ராத்திரி படுத்தால் மேலே வருகிறது என்று நாற்காலியில் உட்கார்ந்தே தூங்குகிறார். கல்யாணங்களுக்குப் போனால் மொய் வைத்துவிட்டுப் பந்திக்கு முன்னால் கிளம்பிவிடுகிறார். மச்சான் மகள் கல்யாணத்தில் அதனாலேயே பெரிய மனஸ்தாபம். ஒவ்வொன்றையும் கேட்கக் கேட்கச் சொன்னார். எதையும் அவர் ஒளித்து வைத்திருக்கவில்லை. இதையெல்லாம் நான் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

அன்று அவர் சொன்ன 'லேசு' எதையும் நான் மாற்றி எழுதவில்லை. அவரை உட்காரச் சொல்லிவிட்டு டாக்டர் அறைக்குப் போனேன். டாக்டர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு, "கூப்பிடுங்க" என்றார். வெளியே பெரிய கூட்டம் காத்திருந்தது. அதைப் பொருட்படுத்தாமல், மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து அவர் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"உங்க அப்பாவுக்கு வந்தது உங்களுக்கு இருக்கான்னு நல்லா பார்த்தாச்சு. இல்ல. அப்பாவுக்கு இருந்ததால இன்னொரு தடவையும் பார்த்துடலாம், உங்க மனசுக்காகவும் என் மனசுக்காகவும். ஆனா வேற ஒண்ணு இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல ஒரு மனுஷன் காலையில சாப்பிடாம பஸ் ஓட்டுறது லேசு இல்ல. அது என்னன்னு கண்டுபிடிக்கணும். சரியா?"

அவர் தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. டாக்டர் அதைப் பார்க்காததுபோல ஏதோ எழுத ஆரம்பித்தார்.

சாப்பாடு வயிற்றிலிருந்து எவ்வளவு நேரத்தில் கீழே இறங்குகிறது என்று பார்க்க ஒரு ஸ்கேன் இருக்கிறது. எங்களிடம் அந்த வசதி இல்லாததால் நகரத்துக்குள் ஒரு சென்டருக்கு அனுப்பினோம். ரிப்போர்ட்டோடு வந்தபோது மனைவியும் வந்தார். ஸ்கேன் எடுத்த அன்றைக்கு நடந்ததை அவர்தான் சொன்னார்.

"இட்லி குட்த்தாங்கம்மா! ஏதோ மருந்த கலந்து ரெண்டு இட்லி. துன்னுட்டு படுக்கச் சொல்லி போட்டோ புட்ச்சாங்க. அப்புறம் ஒரு மணி நேரம் வுட்டு ஒரு போட்டோ. அப்புறம் ஒண்ணு. பகலெல்லாம் அதே வேல. நான் கேட்டேன், எங்கம்மா கீது இட்லின்னு. அந்தப் புள்ள கம்ப்யூட்டர்ல காமிச்சிது. துன்னது துன்னபடி அங்கியே குந்தினு கீதும்மா! நான் கத்துனேனா இல்லியா, இறங்க மாட்டேங்குது இறங்க மாட்டேங்குதுன்னு?"

கணவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். ரிப்போர்ட்டும் அதைத்தான் சொன்னது. வயிறு மிக மெதுவாக வேலை செய்கிறது. மறுபடி எடுத்த எண்டோஸ்கோப்பியிலும் கட்டியோ புண்ணோ இல்லை. டாக்டர் மாத்திரையை மாற்றினார். மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரிக்கச் சொன்னார். எண்ணெய் குறைவு, குழைந்த சாதம், கஞ்சி. சாப்பிட்டதும் படுக்கக் கூடாது. மீன் வறுவல் வேண்டாம் என்றதும் மனைவிதான் அதிர்ந்துபோனார். "கொழம்பு மீனு?" என்று பேரம் பேசி, எண்ணெய் இல்லாத குழம்பில் ஒரு துண்டு என்று முடிந்தது.

இரண்டு மூன்று மாதங்களில் எடை குறைவது நின்றது. பிறகு மெல்ல ஏறியது. பஸ்ஸைக் கல்லூரியில் நிறுத்திவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து கொஞ்சம் சாப்பிடுகிறார் என்று மனைவி சொன்னார். வாந்தி அடியோடு நிற்கவில்லை, ஆனால் அரிதாகிவிட்டது. நான் மறுபடியும் என் கேள்விகளோடு உட்கார்ந்தேன்.

"சாப்பிட்டது இறங்காம நிக்கிற மாதிரி இருக்காண்ணா? எவ்வளவு?"

மனைவி முந்திக்கொண்டார். "இப்ப எவ்ளவோ பரவால்லம்மா. லேசுன்னு எய்திக்கோ."

"ஏய், என் வயிறு எனக்குத் தெரியாதா?" என்றார் அவர். சற்று யோசித்தார். அவர் யோசித்துப் பதில் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் முறை. "நடுத்தரம் மேடம். வாரத்துல ஒரு நாளு ரெண்டு நாளு அதிகம்னே சொல்லலாம்."

எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. தாளில் பார்த்தால் அவர் முன்பைவிட மோசமாகியிருந்தார்.

அந்தத் தாள்களையெல்லாம் கணக்குப் பார்க்கும் இளைஞர் ஒருவர் இருந்தார். சில நாளில் அவரிடமிருந்து போன் வந்தது. "மேடம், இந்தப் பேஷண்டுக்கு ஸ்கோர் ஏறியிருக்கு. மருந்து ஒத்துக்கலையா?" என்றார். மருந்து ஒத்துக்கொண்டது, இப்போதுதான் அவர் தன் வயிற்றை அளக்கிறார் என்று சொன்னேன். "அப்போ முன்னாடி அளந்தது?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. டாக்டர் விளக்கமாக ஒரு குறிப்பு எழுதி அனுப்பினார். கணக்கில் அவரை மருந்து கேட்டவர்கள் பக்கம் சேர்த்தார்களா, கேட்காதவர்கள் பக்கம் சேர்த்தார்களா என்று எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு அந்த ஐந்து சொற்களை முன்புபோலச் சாதாரணமாக வாசிக்க எனக்கு வரவில்லை. பொத்தேரி விடுதியிலிருந்து வந்த ஒரு மாணவி எல்லாவற்றுக்கும் 'மிக அதிகம்' என்றாள். அதைவிடக் குறைத்துச் சொன்னால் யாரும் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார்கள் என்பது அவள் அனுபவம். இரண்டு பிள்ளை பெற்ற ஓர் அம்மா, வலியைப் பற்றிக் கேட்டதும் "இதெல்லாம் ஒரு வலியா" என்று சிரித்தார். ஒவ்வொருவரும் எங்கிருந்தோ ஓர் அளவுகோலைக் கொண்டுவருகிறார்கள். பாதிப் பேருக்கு அது தங்கள் கையில் இருப்பதே தெரியாது. டாக்டரிடம் பேசி, கேள்விகளை ஆரம்பிக்கும் முன் கொஞ்ச நேரம் சும்மா பேசுவது என்று வைத்துக்கொண்டோம். நேற்று என்ன சாப்பிட்டீர்கள், எதை விட்டுவிட்டீர்கள், எப்படித் தூங்கினீர்கள். கேள்விகளை மாற்றவில்லை, பதில்களை நாங்கள் திருத்தவும் இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்குப் பிறகு வரும் பதில் சற்று மெதுவாக, யோசித்து வந்தது. இதனால் அளவு துல்லியமாகிவிட்டதா என்று கேட்டால், தெரியாது. டாக்டருக்கும் அதில் சந்தேகம் இருந்தது.

டிரைவரிடம் கேள்வி கேட்க வேண்டிய தடவைகள் முடிந்து, அவர் வழக்கமான வெளிநோயாளியாகிவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய மனைவியிடமிருந்து போன் வந்தது. அவர் குரல் வழக்கத்துக்கு மாறாகத் தணிந்திருந்தது.

"ஏம்மா, அவுங்கப்பா கதைய உன்கிட்ட சொன்னாராமே."

"ஆமாக்கா."

"கண்ணாலம் ஆயி இத்தினி வருசம், எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னதில்ல. இப்ப கஞ்சி குட்ச்சினே சொன்னாரு. அந்த ஜன்னலு, துண்டு, எல்லாம். சொல்லிட்டு அய்தாரும்மா. சின்னப் புள்ள மாதிரி. நான் இந்த மனுசன இத்தினி நாளு பொய்யி சொல்றான்னு திட்டினே இருந்தேன்."

"அப்புறம் என்னக்கா ஆச்சு?" என்று கேட்டேன்.

"அப்புறம் இன்னா? நானும் கொஞ்சம் அய்தேன். இன்னும் ஒரு டம்ளர் கஞ்சி குடுன்னு கேட்டாரு. ஊத்திக் குட்த்தேன்."